வேலியா, வேறு வழியா? அமெரிக்காவின் தெற்கு எல்லையை வைத்து ஒரு கணக்கு

எல்லையில் வேலி போட்டால் சட்டவிரோதக் குடியேற்றம் நிற்குமா என்று கேட்டால் "நிற்கும்", "நிற்காது" என்று இரண்டே பதில்தான் வருகிறது. சொல்பவர் எந்தக் கட்சி என்று தெரிந்தால் எந்தப் பதில் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். யாரை நிறுத்துவதற்கு வேலி என்பதை இரண்டு தரப்பும் சொல்வதில்லை, அதுதான் சிக்கல். இங்கே அமெரிக்கா–மெக்சிகோ எல்லையை எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக அங்கே வேலி, ஆள்பலம், கேமரா, சட்டத் திருத்தம், பக்கத்து நாட்டோடு பேரம் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலானவற்றுக்குக் கணக்கும் இருக்கிறது, அதனால் ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

அனுமதியில்லாமல் அமெரிக்காவில் இருப்பவர்கள் 2023-ல் சுமார் 1.4 கோடி பேர் என்பது பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீடு. இவர்கள் வந்த வழி மூன்று. முதல் வகை, இரவோடு இரவாகப் பாலைவனத்திலோ ஆற்றிலோ இறங்கி, எல்லைக் காவலர் கண்ணில் படாமல் ஊருக்குள் போய் வேலை தேடிக்கொள்கிறவர்கள். தொண்ணூறுகளில் வந்த மெக்சிகோ இளைஞர்கள் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது வகை, எல்லையைத் தாண்டியதும் ஒளியாமல், காவலர் வண்டி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ஊரில் உயிருக்கு ஆபத்து, அடைக்கலம் கொடுங்கள் என்று கேட்பவர்கள். 2014 வாக்கில் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடோரிலிருந்து பிள்ளைகளோடு வர ஆரம்பித்தவர்கள், அப்புறம் வெனிசுவேலாக்காரர்கள், பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் நாடு நாடாகத் திருட்டுத்தனமாகத் தாண்டிப் போகிற 'டங்கி' வழியில் போன இந்தியர்கள் பலரும் இதில் அடக்கம். மூன்றாவது வகை, சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ விமானத்தில் வந்து இறங்கி, தேதி முடிந்த பிறகும் திரும்பாதவர்கள்.

மூன்றாவது ஆளிடம் வேலியைப் பற்றிப் பேசவே வேண்டாம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். இவர்கள் ஏதோ விதிவிலக்கும் இல்லை. 2010-க்குப் பிந்தைய பல ஆண்டுகளில் புதிதாக ஆவணமில்லாமல் ஆனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தங்கிவிட்டவர்கள்தான். ஆக வேலி எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்ற சண்டையெல்லாம் மிச்சமிருக்கிற இரண்டு வகையைப் பற்றி மட்டும்தான்.

முதல் வகையில் வேலி என்ன செய்தது என்று பார்ப்போம். சான் டியாகோவுக்கும் டிஹுவானாவுக்கும் நடுவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வியட்நாம் போர்க்காலத்தில் தற்காலிக ஓடுதளம் போடச் செய்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வைத்து 14 மைலுக்கு, அதாவது 22 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக வேலி எழுப்பினார்கள். 1994-ல் 'ஆபரேஷன் கேட்கீப்பர்' என்ற பெயரில் அதன் பின்னால் கூடுதல் காவலர்களையும் மின்விளக்குக் கம்பங்களையும் உணர்கருவிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பலன் கண்கூடு. 1993-ல் அந்தப் பிரிவில் மட்டும் 5.3 லட்சம் பிடிப்புகள், 2001-ல் ஏறக்குறைய 1.1 லட்சம். வேலியை ஆதரிப்பவர்கள் இன்றுவரை காட்டுகிற கணக்கு இதுதான், கணக்கு உண்மையும்கூட.

ஆனால் அதே ஆண்டுகளில் கிழக்கே அரிசோனாவின் டூசான் பிரிவைப் பாருங்கள். 1993-ல் சுமார் 93,000 பிடிப்புகள், 2000-ல் 6.16 லட்சம். வயலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குப் போகிற கதை. தெற்கு எல்லை முழுவதற்குமான பிடிப்பு 2000-ல் 16.4 லட்சத்தைத் தொட்டது, அதுவரை காணாத உச்சம். (பிடிப்பு என்பது தலைக் கணக்கு இல்லை, ஒரே ஆளை நான்கு முறை பிடித்தால் நான்கு. அந்தக் காலத்தில் பிடித்தவரை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவரும் அன்று இரவே மறுபடி வருவார்.) சான் டியாகோ நகரம் நிம்மதியானது நிஜம், அரிசோனாப் பாலைவனம் பாதையானதும் நிஜம். வெயிலிலும் தண்ணீர் இல்லாமலும் ஆற்றில் மூழ்கியும் இறந்தவர்களாக 1998 முதல் 2020 வரை எல்லைக் காவல் படை தானே எண்ணிய கணக்கு ஏறக்குறைய 8,000. காவலர் கண்ணில் படாத சடலங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

யாரும் எதிர்பாராத இன்னொரு விளைவும் உண்டு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. எண்பதுகளில் மெக்சிகோ ஆண்கள் அறுவடைக்கு வருவார்கள், சம்பாதிப்பார்கள், ஊருக்குத் திரும்புவார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடி வருவார்கள். எல்லையைத் தாண்டுவது கஷ்டமாகவும் செலவாகவும் ஆன பிறகு, ஆள் கடத்துகிற கொயோட்டேக்களின் கூலி சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலருக்கு ஏறிய பிறகு, ஒரு தடவை வந்து சேர்ந்தவர் எதற்குத் திரும்பிப் போவார்? அங்கேயே தங்கினார், மனைவி பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மேசியும் அவருடைய மெக்சிகோ சகாக்களும் பல ஆண்டுகளாகக் குடும்பம் குடும்பமாகப் பேட்டி எடுத்துச் சொன்னது இதைத்தான்: காவல் கூடியதால் வருகை பெரிதாகக் குறையவில்லை, திரும்பிப் போவது குறைந்தது. 1993-ல் சுமார் 4,000 பேராக இருந்த எல்லைக் காவல் படை 2011-ல் 21,000-ஐத் தாண்டியது. நடுவில் அனுமதியில்லாதவர்களின் தொகை 2007-ல் 1.22 கோடி வரை போனது.

2006-ல் புஷ் கையெழுத்திட்ட பாதுகாப்பு வேலிச் சட்டம் 700 மைல் வேலி கேட்டது. செனட்டில் அதற்கு ஆதரவாகக் கைதூக்கியவர்களில் ஒபாமாவும் ஹிலரி கிளிண்டனும் பைடனும் உண்டு என்பது இன்றைக்குப் பலருக்கு ஞாபகமில்லை. அந்த வேலி எழும்பிய காலத்தில் பிடிப்புகள் சரிந்தன, மெக்சிகோவிலிருந்து வருகிறவர்கள் தொகையும் சரிந்தது. அதனால் வேலிதான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? அதே நேரத்தில்தான் 2008-ன் பொருளாதாரச் சரிவு வந்து கட்டடத் தொழிலே படுத்துவிட்டது. அதோடு, 1970 வாக்கில் ஒரு மெக்சிகோப் பெண்ணுக்கு ஏழு பிள்ளை என்றிருந்த சராசரி இரண்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது, வேலை தேடி வடக்கே போக ஊரில் அத்தனை இளைஞர்களே இல்லை. வேலிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். அது எவ்வளவு என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை, சிலர் மிகச் சொற்பம் என்கிறார்கள், சிலர் வேலிக்கு அருகிலிருக்கும் மெக்சிகோ ஊர்களில் நல்ல குறைவு தெரிந்தது என்கிறார்கள். வேலியும் மந்தமும் பிறப்பு விகிதமும் ஒன்றாக வந்தால் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை.

டிரம்ப்பின் முதல் ஆட்சியில் சுமார் 1,500 கோடி டாலர் ஒதுக்கி 458 மைல் (737 கி.மீ.) சுவர் எழுப்பினார்கள். அதில் முன்பு எதுவுமே இல்லாத இடத்தில் புதிதாக எழும்பிய முதன்மைச் சுவர் 52 மைல்தான், மீதியில் பெரும்பகுதி பழையதைப் பிடுங்கிவிட்டு நட்டது. பழையது பல இடங்களில் வண்டி மட்டும் போகாமல் தடுக்கிற குட்டைத் தடுப்பு, ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டலாம். அதற்குப் பதில் 30 அடி இரும்புத் தூண் வரிசை வந்ததைச் சும்மா 'மாற்று வேலை' என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. ஆனாலும் அந்த இரும்பை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பேட்டரி ரம்பத்தால் அறுத்தார்கள், மரத்திலும் கம்பியிலும் ஏணி செய்து ஏறினார்கள். 1990 முதல் கண்டுபிடிக்கப்பட்ட சுரங்கப் பாதைகள் 200-க்கும் மேல். உயரம் கூடியதில் நிச்சயமாகத் தெரிந்த விளைவு ஒன்று மருத்துவமனையில் தெரிந்தது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனையில் சுவரிலிருந்து விழுந்து சேர்க்கப்பட்டவர்கள் 2016 முதல் 2018 வரை 67 பேர், 2019 முதல் 2021 வரை 375 பேர், அங்கே சுவரிலிருந்து விழுந்து முதல் மூன்று ஆண்டுகளில் சாவு எதுவும் இல்லை, அடுத்த மூன்றில் 16.

இதெல்லாம் ஒளிந்து வருகிறவரைப் பற்றி. அவருக்கு வேலி ஒரு தாமதம். நகரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாமதம் ரொம்பவே முக்கியம், ஏனென்றால் தாண்டிய ஐந்தாவது நிமிடத்தில் அவர் தெருக் கூட்டத்தில் கலந்துவிடுவார், வேலி இருந்தால் காவலர் வந்து சேர நேரம் கிடைக்கும். அடுத்த வீட்டுக்கே முப்பது மைல் நடக்க வேண்டிய பாலைவனத்தில் பத்து நிமிடத் தாமதம் எதற்கு? அங்கே கண்காணிப்புக் கோபுரமும் ஹெலிகாப்டரும் போதும். (கோபுரம் என்றதும் அதுவும் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். போயிங் நிறுவனத்திடம் ஒப்படைத்த 'எஸ்பிஐநெட்' என்ற மின்னணு வேலித் திட்டம் ஏறக்குறைய 100 கோடி டாலரை விழுங்கி, அரிசோனாவில் 53 மைலை மட்டும் மூடி, 2011 ஜனவரியில் ரத்தானது.)

டெக்சாஸ் பக்கம் போனால் கதையே வேறு. 3,145 கி.மீ. எல்லையில் பாதிக்கும் மேல் அங்கே ரியோ கிராண்டே ஆறுதான். ஆற்றின் நடுவில் சுவர் வைக்க முடியாது, வெள்ளத்தைத் திருப்பிவிடுகிற எதையும் கட்டக்கூடாது என்று 1970-ல் மெக்சிகோவோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, நிலமும் பெரும்பாலும் தனியார் பட்டா. அதனால் கரையிலிருந்து தள்ளி, சில இடங்களில் ஒரு மைலுக்கும் உள்ளே தள்ளி, சுவர் வருகிறது. ஆற்றுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற மண் அமெரிக்க மண். இந்தியா–வங்கதேச எல்லையிலும் இதே கதைதான், எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் தற்காப்புக் கட்டுமானம் கூடாது என்ற 1975-ம் ஆண்டு விதியால் வேலி இந்தியாவுக்குள்ளேயே தள்ளி நிற்கிறது, வேலிக்கு அப்பால் வயலும் சில இடங்களில் வீடுகளும் சிக்கிக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்கின்றன. நாற்பது வருடம் ஆகியும் 4,096 கி.மீ.யில் சுமார் 3,200 கி.மீ.தான் மூடியிருக்கிறது, மிச்சத்தில் ஆறும் சதுப்பும் நிறைய.

சரி, ஆற்றுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்த மண்ணில் வந்து நிற்கிற இரண்டாவது வகை ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காவலரைத் தேடுகிறார். அமெரிக்க மண்ணில் கால் வைத்த யாரும், எந்த வழியாக வந்திருந்தாலும், அடைக்கலம் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சுவரைத் தாண்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. சுவர் கோட்டை ஒட்டியே நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017 பிப்ரவரியில் ஓர் இலங்கைத் தமிழர், முப்பது வருடமாக வேலியும் விளக்கும் காவலும் குவிந்திருக்கிற, சான் டியாகோவை ஒட்டிய சான் இசிட்ரோ பக்கமாகவே தாண்டி, எல்லையிலிருந்து 25 கஜத்தில் பிடிபட்டு, அடைக்கலம் கேட்டார். அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஜூனில் அவருக்கு எதிராகத் தீர்ந்தது. மூன்று வருடத்துக்கும் மேல் நடந்த விவகாரத்தில் அவர் என்ன வழியாக வந்தார் என்பது பொருட்டாகவே இல்லை, வந்த பிறகு அவருக்கு எந்த விசாரணை உரிமை உண்டு என்பதுதான் கேள்வி.

இந்த வகைக்கான உண்மையான இழுப்பு நீதிமன்ற வரிசை. 2024 இறுதியில் குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் ஏறக்குறைய 37 லட்சம், நீதிபதிகள் சுமார் 700 பேர். ஒருவர் மனுப் போட்டால் தீர்ப்பு வர நாலைந்து வருடம் சர்வசாதாரணம், ஆனால் ஆறு மாதத்தில் வேலை செய்ய அனுமதி அட்டை கிடைத்துவிடும். நிஜமாகவே உயிருக்குப் பயந்து வந்தவருக்கு இந்த இழுபறி கொடுமை, வேலைக்காக வந்து அடைக்கலம் என்று சொல்பவருக்கு இதே இழுபறி வரம். கடத்தல்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். 2023-ல் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவிலுள்ள டேரியன் காட்டை நடந்தே கடந்தவர்கள் 5.2 லட்சம் பேர், வழியெல்லாம் பாம்பும் கொள்ளையும் இருக்கிற அந்தக் காட்டையே தாண்டி வந்தவரை முப்பது அடி இரும்பு பயமுறுத்தும் என்று நினைப்பது அறைக்குள் உட்கார்ந்து போடுகிற கணக்கு.

இப்போது 2023 இறுதியிலிருந்து 2025 வரையிலான எண்களைப் பாருங்கள். 2023 டிசம்பரில் எல்லைக் காவல் படை பிடித்தவர்கள் சுமார் 2.5 லட்சம், ஒரு மாதத்துக்கான சாதனை. 2024 ஜனவரியில் அது பாதியானது. என்ன நடந்தது? மெக்சிகோ அரசு ரயில்களிலும் பேருந்துகளிலும் ஏறி ஆட்களை இறக்கித் தெற்கே அனுப்ப ஆரம்பித்தது. ஜூனில் பைடன், நுழைவாயில்களுக்கு நடுவில் தாண்டி வருகிறவர்களுக்கு அடைக்கலக் கதவைப் பெரும்பாலும் மூடினார், டிசம்பருக்குள் 47,000 ஆனது. 2025 ஜனவரியில் டிரம்ப் வந்து அடைக்கலத்தை ஏறக்குறைய முழுசாகவே நிறுத்தி, உள்ளே விடுவதையும் நிறுத்தி, ராணுவ விமானத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 5-ம் தேதி 104 இந்தியர்கள் கைவிலங்கோடு வந்து அமிர்தசரஸில் இறங்கியது நினைவிருக்கும். அதன் பிறகு மாதப் பிடிப்பு பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்த இரண்டு வருடத்தில் சுவர் பெரிதாக வளரவே இல்லை. அதே சுவர், அதே ஓட்டைகள், 2.5 லட்சம் பத்தாயிரத்துக்கும் கீழே. வேலியை நம்புகிறவர்களும் வேலியைத் திட்டுகிறவர்களும் ஒருசேரத் தலையைச் சொறிய வேண்டிய இடம் இது: எண்ணிக்கையை இறக்கியது வாசலில் இருக்கிற விதியும் பக்கத்து நாட்டுக் காவலும்.

அந்த விதிக்கு ஒரு விலை உண்டு, அதை மறைத்துவிட்டு இந்தப் பட்டியலில் அதற்கு முதல் மதிப்பெண் போட மாட்டேன். கதவை மொத்தமாக மூடினால் பொய் சொல்லி வருகிறவரோடு சேர்ந்து நிஜமாகவே துரத்தப்பட்டவரும் வெளியே நிற்கிறார். 1983-க்குப் பிறகு ஊரைவிட்டு ஓடிய ஈழத் தமிழர்களில் எத்தனை பேரிடம் முறையான விசா இருந்தது என்று நம் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தாலே தெரியும். வேகமாகத் தீர்ப்புச் சொல்வது வேறு, கேட்கவே மாட்டேன் என்பது வேறு. முதலாவதற்குப் பணமும் நீதிபதிகளும் வேண்டும், இரண்டாவதற்குக் கையெழுத்து ஒன்று போதும், அடுத்த அதிபர் அதே பேனாவால் அழித்துவிடலாம்.

பக்கத்து நாட்டுக்குக் காசு கொடுத்துத் தடுக்கச் சொல்வது ஐரோப்பாவுக்குப் பழகிய வழி. 2016 மார்ச்சில் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்துக்கு 600 கோடி யூரோ, கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தவர்கள் 2015-ல் 8.5 லட்சத்திலிருந்து 2017-ல் முப்பதாயிரம் அளவுக்கு வீழ்ந்தார்கள். வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பிறகு சாவி அவர்கள் கையில். 2020 பிப்ரவரியில் துருக்கி அதிபர் எர்டோகன் கதவைத் திறந்துவிட்டுக் காட்டினார். 2021 மே மாதம் மொராக்கோவுக்கு ஸ்பெயின் மேல் கோபம் வந்தது, மொராக்கோக் காவலர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள், இரண்டு நாளில் 8,000 பேருக்கு மேல், ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான சியூட்டா நகரத்துக்குள் நுழைந்தார்கள். சியூட்டாவைச் சுற்றி இருப்பது வெறும் எட்டு கிலோமீட்டர் எல்லை, இரட்டை வேலி, கேமரா, காவல் என்று எதற்கும் குறைவில்லை. அவர்கள் வேலியின் ஓரம் கடலுக்குள் முடிகிற இடத்தில் நீந்திச் சுற்றி வந்தார்கள்.

வேலி ஆதரவாளர்களின் பலமான சாட்சி இஸ்ரேல், அதைத் தாண்டிப் போனால் நியாயமாக இருக்காது. எகிப்து எல்லையில் சுமார் 240 கி.மீ. வேலியை 2010-லிருந்து 2013-க்குள் கட்டினார்கள். 2011-ல் 17,000 பேர் வந்த வழியில் 2013-ல் இருநூறு பேர்கூட வரவில்லை. பிரமாதமான எண். ஆனால் அதோடு 2012-ல் வந்தவரை விசாரணையின்றி மூன்று வருடம் வரை அடைத்து வைக்கிற சட்டமும் நடைமுறைக்கு வந்தது, எல்லை நெடுக ராணுவமும் நின்றது. அங்கே எல்லை நீளம் அமெரிக்கத் தெற்கு எல்லையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை, இருபக்கமும் பாலைவனம், மக்கள் நெருக்கம் இல்லை, தினமும் லட்சக்கணக்கானவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் கடைக்கும் சட்டப்படி போய் வருகிற சான் டியாகோ, எல் பாஸோ மாதிரி இரட்டை நகரங்கள் இல்லை. ஹங்கேரி 2015 செப்டம்பரில் செர்பியா எல்லையை 175 கி.மீ. வேலியால் அடைத்தபோது கூட்டம் குரோவேஷியா வழியாகத் திரும்பியது, அதையும் அக்டோபரில் அடைத்தபோது ஸ்லோவேனியா வழியாகப் போனது. ஹங்கேரிக்கு வெற்றிதான், ஐரோப்பாவுக்கு மொத்தத்தில் ஒருவரும் குறையவில்லை. சுற்றிப் போக வேறு நாடு இருந்தால் வேலி கட்டிய நாடு பிழைத்துக்கொள்ளும்.

எல்லையை விட்டுவிட்டு ஊருக்குள் வருவோம். வேலை கொடுக்கிறவரைப் பிடித்தால் என்ன? 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேரைச் சட்டப்படி ஆக்கியது, இனி ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்தால் தண்டனை என்றும் சொன்னது. முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி காகிதத்தோடு நின்றது, ஏனென்றால் முதலாளி அட்டையைப் பார்த்தால் போதும், அட்டை அசலா போலியா என்று துருவ வேண்டியதில்லை. அரிசோனா 2008 ஜனவரியிலிருந்து வேலைக்கு வருபவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிற 'இ-வெரிஃபை' கணினிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது இரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் குடியுரிமையில்லாத ஹிஸ்பானிக் மக்கள்தொகை சுமார் 92,000 குறைந்ததாகக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு கம்பிகூட நடாமல் கிடைத்த விளைவு. குறையும் சொல்லிவிடுகிறேன்: இன்னொருவரின் நிஜமான பெயரையும் எண்ணையும் கொடுத்தால் கணினி ஏமாந்துபோகும், போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதி ரொக்கக் கூலிக்கு மாறி இன்னும் மோசமான நிலைக்குப் போனார்கள். நாடு முழுக்க இதைக் கட்டாயமாக்காததற்கு ஒரு முக்கியக் காரணம், பயிர்த் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு அனுமதி இல்லை. ஆப்பிள் யார் பறிப்பது? சுவருக்காக மேடையில் கைதட்டுகிற மாவட்டங்களிலேயே பண்ணை முதலாளிகள் இந்தச் சரிபார்ப்பை எதிர்க்கிறார்கள்.

அப்படியானால் வருவதற்குச் சட்ட வழி கொடுங்கள் என்பது கடைசி வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' திட்டத்தில் மெக்சிகோ விவசாயக் கூலிகளுக்கு 46 லட்சம் ஒப்பந்தங்கள் போட்டார்கள். 1954-ல் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த பிடிப்புகள், ஒரு பக்கம் மூர்க்கமான நாடுகடத்தலாலும் மறு பக்கம் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தம் கொடுத்ததாலும், 1959-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்தன. திட்டத்தை நிறுத்திய பிறகு மறுபடி ஏறின. அதைப் பொற்காலம் என்றும் நினைக்க வேண்டாம், கூலியில் பத்து சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்துவைத்துப் பலருக்குக் கொடுக்கவே இல்லை. இன்றைக்கு எச்-2ஏ பருவ விசா 2010-ல் 56,000 அளவிலிருந்து 2023-ல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது, நல்ல விஷயம், ஆனால் பருவ வேலைக்கு மட்டும். பால் பண்ணைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், பசு பருவம் பார்ப்பதில்லை, எனவே அந்த விசா இல்லை. இரண்டு வருடப் பயிற்சிகூடத் தேவைப்படாத வேலை செய்கிற தொழிலாளிக்கு நிரந்தர வசிப்பு அட்டை (கிரீன் கார்டு), உலகம் முழுவதற்கும் சேர்த்து, வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் இல்லை, பல ஆண்டுகள் அதிலும் பாதிதான். எச்-1பி வரிசையில் காத்திருக்கிற நம் ஆட்களுக்கு வரிசை என்று ஒன்றாவது இருக்கிறது. ஹோண்டுராஸ் கொத்தனாரிடம் "வரிசையில் வா" என்று சொன்னால் அவர் எந்த வரிசையில் போய் நிற்பார்?

இதையெல்லாம் வைத்து முடிவெடுக்கச் சொன்னால் எப்படி எடுப்பேன்? 2025-ல் நிறைவேறிய பெரிய நிதிச் சட்டம் சுவருக்கு மட்டும் 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. குடியேற்ற நீதிமன்றங்களின் ஓராண்டுச் செலவு 2024-ல் 84 கோடி டாலர் அளவு. அதாவது சுவர்ப் பணத்தில் அந்த நீதிமன்றங்களை ஐம்பது வருடத்துக்கு மேல் நடத்தலாம். அதே சட்டம் நீதிபதிகள் தொகைக்கு 800 என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது, இதற்கு என்ன தர்க்கம் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. நான் நீதிபதிகளை இரட்டிப்பாக்கி, அடைக்கல வழக்குகள் ஆறு மாதத்தில் முடிகிற அளவுக்குக் கொண்டுவருவேன், தோற்றவர் திரும்பத்தான் வேண்டும், வென்றவர் நிம்மதியாக இருக்கட்டும். வருடம் முழுக்க வேலைக்கான விசாவையும் வேலையிடச் சரிபார்ப்பையும் ஒரே சட்டத்தில் கட்டுவேன், ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் பண்ணைக்காரரோ எதிர்க்கட்சியோ கவிழ்த்துவிடுவார்கள். மெக்சிகோவோடு பேரம் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

வேலியை முழுசாகத் தள்ளவும் மாட்டேன். நகரத்தை ஒட்டிய இடங்களில் இருக்கிறதைப் பராமரிக்க வேண்டும், அறுத்த தூணைச் சரிசெய்ய வேண்டும், ஊரை ஒட்டி ஓட்டை இருந்தால் அடைக்கவும் வேண்டும், அதற்கு 4,650 கோடி வேண்டியதில்லை. மலைமேலும் ஆற்றுச் சமவெளியிலும் மைலுக்குக் கோடிக்கணக்கில் கொட்டுவதைத்தான் நிறுத்துவேன். அப்புறம் அந்த மூன்றாவது வகை. யார் வந்தார், யார் திரும்பினார் என்று பதிகிற முறை வேண்டும் என 1996-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியும் வெளியேறுகிறவர்களின் முகமோ ரேகையோ எல்லா வாசல்களிலும் பதிவாகவில்லை, தரைவழி வாசல்களில் நிலைமை இன்னும் மோசம். சுவருக்கு ஒதுக்கியதில் ஒரு சின்னப் பகுதியை முதலில் இங்கே கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வருகிற பட்டியலைப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தைப் பற்றிப் பேசலாம்.